நடுக்கடலில் உயிர் காக்கும் கருவி: பெட்டிக்குள் பூட்டி வைத்தால் என்ன பயன்?

நாகர்கோவில்:
ஒக்கி புயலை குமரி மாவட்ட மீனவ கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை. 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி தாக்கிய அந்த புயலில் தமிழகம், கேரளாவை சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் பலியானார்கள். பலரது உடல் கூட கிடைக்கவில்லை. ஏற்கனவே ஆழ்கடலுக்கு போய்விட்டவர்களுக்கு புயல் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தத்தளித்தவர்களின் குரலும் கரைக்கு எட்டவில்லை.

ரேடியோ எட்டாத தூரம்

படகில்தான் வி.எச்.எப். ரேடியோ இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த அலை நேர்கோட்டில் போகக்கூடியது. கரையில் இருந்து சுமார் 20, 30 கடல் மைல் தாண்டினால் பேச்சு கேட்காது. குமரி விசைப்படகுகள் போவதோ நூற்றுக்கணக்கான கடல் மைல்! பக்கத்தில் நிற்கும் படகையோ, கப்பலையோ 16-வது சேனலில் உதவிக்கு அழைக்கத்தான் ரேடியோ கைகொடுக்கும்.

பட்டனை அழுத்தினால்...

அதற்கு மேல் செயற்கைக்கோள்தான் துணை. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்துகால கருவி 'டாட்' 2010-ம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ளது. பட்டனை அழுத்தினால் படகு நிற்கும் இடம் செயற்கைக்கோள் வழியாக பெங்களூரு மையத்துக்கு போகும். அங்கிருந்து கடலோர காவல்படைக்கு தகவல் பறக்கும். பழைய கருவியில், அனுப்பிய தகவல் போய்ச் சேர்ந்ததா, இல்லையா என்றே தெரியாது. புதிய கருவியில் 'தகவல் கிடைத்தது' என்று பதில் வரும். உயிருக்கு போராடுபவனுக்கு அந்த ஒரு வார்த்தையே பாதி தெம்பு.

கோட்டை விடுவது எங்கே?

கருவி வந்துவிட்டது. ஆனால் "கெடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவதில்தான் ஆபத்து. பேட்டரி காலாவதி ஆகியிருக்கும். படகு கைமாறியிருக்கும், பதிவில் பழைய உரிமையாளர் பெயரே இருக்கும். சிக்னல் வந்ததும் மீட்பு மையம் பதிவில் உள்ள போன் நம்பருக்குத்தான் முதலில் பேசும். அந்த நம்பர் செத்துப்போயிருந்தால், எத்தனை பேர் போனார்கள், எந்தப்பக்கம் போனார்கள் என்று யாரிடம் கேட்பது?

ஆகவே கடலுக்கு கிளம்பும் முன் பேட்டரியை பாருங்கள். கருவியை வானம் தெரியும் இடத்தில், கைக்கு எட்டும்படி வையுங்கள். அழுத்தியபின் மீட்க ஆள் வரும்வரை அணைக்காதீர்கள். தவறுதலாக அழுத்திவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். படகு திரும்பாவிட்டால், கரையில் இருப்பவர்கள் கடலோர காவல்படையின் 1554 என்ற எண்ணுக்கு பேசலாம்.

டீசல், ஐஸ், அரிசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கிளம்புகிறவர்கள், இதையும் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் நிம்மதி.