தராசைக் காட்டுங்கள்!

பால் நிறுக்கும் இடத்தில் தொழிலாளி ஏன் நின்று பார்க்கிறான் என்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வாளியின் எடை என்ன, மெட்ரோலாக் எந்தக் கோட்டில் நிற்கிறது, கிராணி புத்தகத்தில் எந்த எண்ணை எழுதுகிறார் என்பதைக் கண்ணாரக் கண்ட பிறகே அவன் லயத்துக்குத் திரும்புகிறான். இது நேற்று இன்று வந்த பழக்கமன்று. தோட்டத்துக் கடைக் கணக்கில் எத்தனை கட்டி அரிசி தன் பெயரில் ஏறியிருக்கிறது என்று தெரியாமல், சம்பள நாளில் வெறுங்கையோடு திரும்பிய தலைமுறை தன் மக்களுக்கு விட்டுச் சென்ற பழக்கம்.

இத்தனை எச்சரிக்கையுள்ள நாம், கைத்தொலைபேசி நிறுவனத்தாரிடம் மட்டும் தராசைப் பாராமலே மாதந்தோறும் பணத்தைக் கொட்டி வருகிறோம். பால் மரம் வெட்டுவோர் மட்டுமல்லர். எழுத்தும் கணக்கும் அறிந்த கிராணிமாரும் இதில் தப்பவில்லை.

அண்மையில் நமக்கு வந்த கடிதம் ஒன்றைப் பாருங்கள். எழுதியவர் நம் அங்கத்தினர், பால்மரத் தொழிலாளி. பட்டணத்துச் சந்தையோரம் கூடாரம் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, 'எல்லையற்ற இணையம்' என்று ஆளுயரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மகளின் படிப்புக்கு ஆகுமே என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தோட்டம் இருக்கும் இடத்துக்கு அலை வருமா என்று கேட்டதற்கு, விற்பனைப் பையன் வண்ணப் படம் ஒன்றைக் காட்டி, 'உங்கள் தோட்டம் முழுவதும் சிவப்பாக இருக்கிறதே, பிறகென்ன அண்ணே!' என்றானாம். வீட்டுக்கு வந்தால் லயத்தில் அலை இல்லை. பால் ஸ்டோருக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறி நின்றால் உண்டு. அந்தி சாய்ந்த பிறகு அந்த மேட்டுக்கு வயதுப் பெண்ணை எந்தத் தகப்பன் அனுப்புவான்?

வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் போனார். 24 மாத ஒப்பந்தமாம். முறித்தால் 500 வெள்ளி கட்ட வேண்டுமாம். 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் பார்த்தால், கிடைக்காத சேவை ஒன்றை விட்டு விலக, ஏறக்குறைய எட்டு நாள் கூலியை அவர் தண்டம் கட்ட வேண்டும். பையன் காட்டிய படத்தின் அடியில், இது உத்தேசமானது, இடத்துக்கிடம் வேறுபடும் என்று எறும்பெழுத்தில் அச்சிட்டிருந்ததைப் பிறகுதான் தோட்டத்துக் கிராணி கண்ணாடி போட்டுப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

'எல்லையற்ற' என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்ப்போம். இத்தகைய திட்டங்கள் பலவற்றில் இத்தனை ஜிகாபைட் வரைதான் முழு வேகம். அதைத் தாண்டியதும் வேகத்தைச் சுருக்கி விடுவார்கள். இணைப்பு அறுவதில்லை, ஆகவே 'எல்லையற்றது' என்பது பொய்யில்லை என்று வாதிடுவார்கள். குழாயில் சொட்டுச் சொட்டாக விழுவதும் தண்ணீர்தானே என்பது போன்ற வாதம் இது. அந்த எல்லை எத்தனை என்பதைப் பெரிய எழுத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் போடுவதற்கு இவர்களுக்கு என்ன தடை? வாங்குகிறவன் பார்த்து விடுவான் என்பதைத் தவிர நமக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

முன்பணம் போட்டுப் பேசுவோர் பாடு வேறு. சம்பளத்தன்று போட்ட பணத்துக்குக் கெடு நாள் உண்டு. கெடு தாண்டியும் பணம் போடாவிட்டால் மீதித் தொகையும் போகும். முடிவில் எண்ணும் போகும். எண் போனால் பேச்சு மட்டுமா போகிறது? வங்கிக் கணக்குக்கும் சேமநிதிக் கணக்குக்கும் இரகசிய எண் வருவது அந்தக் கைத்தொலைபேசிக்குத்தான். வேலை ஓய்ந்து சேமநிதியைப் பார்க்கப் போகிற முதியவருக்கு இது எத்தனை அலைச்சல் என்பதை, அவருடன் வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

இனி, புகார் சொல்லலாம் என்று தொலைபேசியை எடுத்தால் ஓர் இயந்திரம் பேசுகிறது. ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்கிறது. பிறகு பாட்டுப் போடுகிறது. நமக்குக் கடிதம் எழுதியவர் 40 நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார். (பாட்டு நன்றாக இருந்ததா என்று அவர் எழுதவில்லை.) கடைசியில் ஆள் வந்து, 'உங்கள் வட்டாரத்தில் பழுது எதுவும் பதிவாகவில்லை' என்றதோடு சரி. அந்தச் சிப்பந்தியை நாம் குறை கூறவில்லை. அவரும் நம்மைப் போலக் கூலிக்கு உழைப்பவரே. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். எழுதிக் கொடுத்தவர்களைத்தான் நாம் கேட்கிறோம்.

கேட்டு என்ன ஆகப் போகிறது என்று அலுத்துக் கொள்வோருக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 2011 செப்டம்பரில், முன்பணம் போடுவோரிடமும் 6 விழுக்காடு சேவை வரியை வசூலிக்கப் போவதாக நிறுவனங்கள் அறிவித்தன. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே பின்வாங்கின. 2015 ஏப்ரலில் பொருள் சேவை வரி வந்தபோது 10 வெள்ளிக் கார்டுக்கு 10 வெள்ளி 60 காசு கேட்டார்கள். அறுபது காசுதானே என்று மக்கள் சும்மா இருக்கவில்லை. மீண்டும் குரல் எழுந்தது. 2016ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், அந்த வரித் தொகையைக் குடிமக்களுக்குப் பேச்சுத் தொகையாகவே திருப்பித் தர ஏற்பாடாயிற்று. அறுபது காசுக்குப் பேசத் தெரிந்தவர்கள் 500 வெள்ளிக்கு ஊமையாக இருப்பானேன்?

சட்டம் நம் பக்கம் இல்லாமலும் இல்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், தவறாக எண்ணச் செய்யும் விளம்பரத்தையும் பொய்யான உறுதிமொழியையும் தடை செய்கிறது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய பகுதி ஒன்றும் 2010இல் அதில் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் உள்ள பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் போக வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம். தொலைபேசிச் சேவை பற்றிய புகார்களுக்கென்றே மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமும் இருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் புகார் சொல்லி, அதன் பதிவு எண்ணை வாங்கிக் கொண்டு, பயனில்லாவிட்டால் ஆணையத்திடம் போவதே முறை.

கேளாமலே வந்து காசைத் தின்னும் குறுஞ்செய்திகளைப் பற்றியும் சிலர் எழுதியிருக்கிறார்கள். 3இல் தொடங்கும் ஐந்திலக்க எண்ணிலிருந்து வருபவை இவை. 'ஸ்டாப் ஆல்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை அதே எண்ணுக்கு அனுப்பி நிறுத்தலாம். அப்படியும் நிற்காவிட்டால் அதையும் புகாரில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

நிறுவனத்தாரிடம் நாம் தானம் கேட்கவில்லை. விளம்பரத்தில் எல்லையைச் சொல்லட்டும். தோட்டத்தில் அலை இல்லையென்றால், தண்டம் வாங்காமல் ஒப்பந்தத்தை விடுவிக்கட்டும். மாதக் கணக்கை, செக்ரோலைப் போல, எவரும் படித்துப் புரிந்து கொள்ளும்படி எழுதிக் கொடுக்கட்டும்.

நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. கூடாரத்தில் நின்று கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதே நிறுவனத்தின் சிம் கார்டு அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருந்தால், அதை வாங்கி உங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து அலை வருகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக் கொண்டவர்கள் விளம்பரத் தாள், ஒப்பந்தம், பில், புகார்ப் பதிவு எண் ஆகியவற்றைக் கிளைச் செயலாளரிடம் ஒப்படைக்கவும். கிராணித் தோழர்கள் மனு எழுத உதவி புரியுமாறு வேண்டுகிறோம். கடிதம் எழுதிய அன்பரின் மனு இந்த வாரம் ஆணையத்துக்குப் போகிறது.