மிச்சமான நேரம் யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

‘விஞ்ஞானம் வரமா, சாபமா?’ என்ற கட்டுரையை எழுதாமல் தமிழ்நாட்டில் எவரும் பள்ளிப் படிப்பைத் தாண்டியிருக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பில் ‘வரமே’ என்று எழுதி 18 மதிப்பெண் வாங்கினேன். பத்தாம் வகுப்பில் ‘சாபமே’ என்று எழுதி அதே 18-ஐ வாங்கினேன். விஞ்ஞானம் எதுவானாலும் நமக்கு நட்டமில்லை என்ற தெளிவோடுதான் இந்தக் கல்லூரியில் வந்து சேர்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்பைப் பற்றி எங்கள் வீதிக்குத் தெரிந்ததெல்லாம், அது ‘கரண்டு படிப்பு’ என்பது மட்டுமே. ஆகவே யார் வீட்டு மிக்சி நின்றாலும் அது என்னிடம் வந்துவிடும். நானும் அதைத் திருப்பிப் பார்ப்பேன். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வேன். ‘மோட்டார் ஆறட்டும்’ என்று கால் மணி நேரம் காக்க வைப்பேன். பிறகு அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குவேன். மிக்சி ஓடும்! மோட்டாருக்குச் சுமை கூடும்போது மின்சாரத்தைத் துண்டித்து அதைக் காப்பாற்றும் சிறு கருவி அது. சூடு ஆறியதும் அமுக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த ரகசியத்தை ஆண்டு மலரில் வெளியிடுவதால் என் பெயருக்குத்தான் நட்டம். இருந்தும் சொல்கிறேன், ஏனென்றால் இக்கட்டுரை என் மேதைமையைப் பற்றியதன்று, என் அறியாமையைப் பற்றியது.

சென்ற பருவத்தில் ஒருநாள் மதிய உணவு வேளையில் நண்பர்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. ‘என்ன இருந்தாலும் ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவின் ருசி வருமா?’ என்றான் ஒருவன். ‘வரவே வராது’ என்று அனைவரும் தலையசைத்தோம். அங்கிருந்த எட்டுப் பேரில் ஒருவன்கூட வாழ்நாளில் குழவியைப் பிடித்துச் சுற்றியவன் அல்லன். எனினும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அந்தத் தீர்மானத்தை அப்பாவைப் பெற்ற ஆத்தாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா நிமிர்ந்து பார்த்தார். “ருசி வேணுமுன்னா பொறகால கெடக்குது ஆட்டாங்கல்லு. போயி ஆட்டித் தின்னு சாமி” என்றார். அத்துடன் விவாதம் முடிந்தது.

ஆனால் ஆத்தா பிறகு சொன்ன ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் காலத்தில் எங்கள் வீட்டில் இட்லி என்பது நோம்பிக்கு நோம்பி செய்யும் பலகாரமாம். ஆண்டுக்கு ஆறு முறை மாவாட்டினால் அதிகம். மற்ற நாளெல்லாம் சோளச்சோறும் கம்பஞ்சோறும்தான்.

நான் கணக்குப் பாடத்தைத் துணைப்பாடமாக எடுத்தவன். உடனே கணக்குப் போட்டேன். ஒரு முறை ஆட்ட ஒன்றரை மணி நேரம் என்றால், ஆறு முறைக்கு ஆண்டொன்றுக்கு 9 மணி நேரம். இப்போது வாரம் இருமுறை எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. அது தானாகவே சுற்றுகிறது, உண்மை. ஆனால் ஊற வைப்பதும், கழுவிப் போடுவதும், தள்ளி விடுவதும், வழிப்பதும், கல்லைக் கழுவுவதும் தானாக நடப்பதில்லை. அதற்கு அரை மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 52 மணி நேரம்! இயந்திரம் வேலையைக் குறைத்தது. நம் நாக்கு அந்த வேலையைப் பெருக்கிவிட்டது. எட்டு மணி நேரம் பஞ்சாலையில் நின்றுவிட்டு வரும் அம்மாவின் கணக்கில்தான் அந்த 52-உம் ஏறுகிறது.

இதனால் கிரைண்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது நம் மண்ணில் பிறந்த பொருள். 1955-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி உருவாக்கியது, ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடும் பெற்றது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியிராவிட்டால் எங்கள் வீட்டுக்குள் அது வந்திருக்காது. அட்டைப் பெட்டியோடு அதைத் தலையில் சுமந்து வந்த அன்று அம்மா சிரித்த சிரிப்பு இன்றும் நினைவில் இருக்கிறது. குறை இயந்திரத்தில் இல்லை. அது மிச்சப்படுத்தும் நேரத்தை வீட்டில் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே என் கேள்வி.

பேருந்துக் கதையும் இதேதான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்மாவுக்கு நாளொன்றுக்கு இருபது ரூபாய் மிச்சம். அது எங்கே போகிறது என்று ஆராய்ந்தேன். என் கைபேசிக்கு மாதந்தோறும் உயிர் கொடுப்பது அதுவே என்று தெரிந்தது!

“ஏம்மா, காசில்லாமல் எங்கே வேண்டுமானாலும் போகலாமே, இதுவரை எங்கெங்கே போனாய்?” என்று கேட்டேன்.

அம்மா விரல் விட்டு எண்ணினார். “மில்லுக்கு, ரேசன் கடைக்கு, பெரியாஸ்பத்திரிக்கு. அப்பறம் உன்ற காலேசுக்கு ஒருக்கா, கையெழுத்துப் போட.”

“மருதமலைக்கு?”

“கண்ணாலமான புதுசுல போனது கண்ணு. ஞாயித்துக்கெழமதான் லீவு, அன்னைக்குத்தான் மாவாட்டோணுமே.”

நகரப் பேருந்தில் காந்திபுரம் போய், அங்கே வண்டி மாறினால் மருதமலை அடிவாரம். கட்டணமும் இல்லை. அம்மாவை இத்தனை ஆண்டுகளாக முருகனிடமிருந்து பிரித்து வைத்திருந்தது மாவுப் பாத்திரம்!

அடுத்த ஞாயிறு நான் மாவாட்டுகிறேன் என்று அறிவித்தேன். அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு புறப்பட்டுப் போனார். நான் கூடப் போகவில்லை. என் இலவசப் பயண அட்டை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில் மட்டுமே செல்லும் என்பது ஒரு காரணம்.

மோட்டார்களைப் பற்றி எனக்குத் தெரியாததா? மிக்சியில் இருப்பது தொடர்ச்சுற்று மோட்டார். சுமையில்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்றுச் சுற்றும். கிரைண்டரில் இருப்பது தூண்டல் மோட்டார். அதன் வேகத்தைக் குறைத்துத்தான் கல்லைச் சுழற்றுகிறார்கள். ஆகவே மாவு சூடாவதில்லை, உளுந்து நன்றாகப் பொங்குகிறது. இவ்வளவும் தேர்வில் எழுதுவேன். ஆனால் உளுந்தை முதலில் போட வேண்டும், தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தெளிக்க வேண்டும் என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லையே! அரிசியை முதலில் கொட்டினேன். தண்ணீரைச் செம்போடு சாய்த்தேன். அம்மா அரை மணி நேரத்தில் முடிக்கும் கைவேலைக்கு எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. கிடைத்ததை ஒரு சிறிய பாத்திரத்தில் விளிம்பு வரை ஊற்றி மூடி வைத்தேன்.

அம்மா இருட்டிய பிறகு வந்தார். நெற்றியில் விபூதி, கையில் பஞ்சாமிர்தம். மயில் பார்த்ததைப் பத்து வயதுப் பெண்போல் சொல்லிக்கொண்டே இருந்தார். இருபது ஆண்டுகளில் அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் விடியற்காலை மாவு பொங்கிச் சமையலறைத் தரையெங்கும் ஓடியிருந்தது. நான் எழுந்து பார்ப்பதற்குள் அம்மா அதைத் துடைத்து முடித்துவிட்டு மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. ஒரு நாள் விடுப்புக் கொடுத்துவிட்டு, அதன் பாதியை மறுநாளே திருப்பி வாங்கிக்கொண்டேன் அல்லவா?

நண்பர்களே! வரமா, சாபமா என்ற கேள்வியை இயந்திரத்திடம் கேட்டுப் பயனில்லை. அதனருகில் நிற்பவரிடம் கேட்க வேண்டும். அரசு கிரைண்டர் தரலாம், பேருந்தும் விடலாம். ஞாயிற்றுக்கிழமையை அரசு தர முடியாது. அது வீட்டில் இருக்கும் நம் கையில்தான் இருக்கிறது. பட்டம் வாங்கி அம்மாவை உட்கார வைத்துச் சோறு போடுவேன் என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பட்டத்துக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. மாவாட்டப் பட்டம் தேவையில்லை.

வருகிற ஞாயிறு அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் பேரூர் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பெரிய பாத்திரம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். உளுந்தைத்தான் முதலில் போட வேண்டும்.