பரப்பு விலையும் எங்கட சம்பளமும்

முப்பதைத் தொடுற ஆக்கள் எங்கட கூட்டத்தில் கூடக் கூட, கதை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிக்குது. யாழ்ப்பாண ரவுணில் ஒரு வீடு வாங்குறதா, வாடகையிலேயே இருக்கிறதா? நாங்கள் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எண்டு தீவுப்பக்கத்துப் பிள்ளைகள். வேலை ரவுணில். சம்பளம் ரூபாயில். நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்துக் காணிக்கு விலை பேசுறவை மட்டும் கனடா டொலரையும் சுவிஸ் பிராங்கையும் மனதில் வைத்துத்தான் பேசுகினம்.

வெளிநாட்டுக் காசைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் காசில்தான் எங்களில் பலர் படித்தோம். ஆனால் அந்த விலை எங்கட சம்பளத்தைப் பார்த்து வைத்த விலை அல்ல. இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம். வீடு ஒரு கோடி ரூபாய், கையில் 20 லட்சம், வங்கியில் 80 லட்சம் எண்டு வையுங்கோ. 12 வீத வட்டிக்கு 20 வருடக் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 88,000 ரூபாய். 20 வருடத்தில் வங்கிக்கு மட்டும் 2 கோடி 11 லட்சம் கட்டி முடித்திருப்பீர்கள். உறுதி முடிக்கேக்க முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அது இன்னொரு 3 லட்சத்து 99 ஆயிரம். நொத்தாரிசுச் செலவு வேற. அதே மாதிரி வீடு மாதம் 30,000 ரூபாய்க்கு வாடகைக்குக் கிடைத்தால், வித்தியாசம் மாதம் 58,000. உங்கட வங்கி சொல்லுற வட்டியையும் உங்கட தெரு வாடகையையும் போட்டு இதே கணக்கைத் திரும்பச் செய்யுங்கோ.

வட்டி ஒரே இடத்தில் நிக்கிற சாமானும் இல்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் எடுத்த வீடுகளில் அந்த வருடம் எப்பிடிப் போனது என்று தெரிந்த ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் எல்லாருக்கும் சொந்த வீட்டில் ஆசை? வாடகைக்கு வீடு கேட்டுப் போய்ப் பார்த்தவைக்குத் தெரியும். "தம்பி எந்த இடம்?" எண்டு கேப்பினம். ஊரைச் சொன்னால் ஊருக்குள் எந்தப் பக்கம் எண்டு கேப்பினம். அந்தக் கேள்வி எதைத் தேடுது எண்டு இரண்டு பக்கத்துக்கும் தெரியும். தங்கச்சிக்குக் கலியாணம் பேச வந்தால் சீதன வீடு எங்கே என்பது அடுத்த கேள்வி. ஆக, சொந்த வீடு எண்டது எங்களுக்கு ஒரு கூரை மட்டும் இல்லை, இனி ஒருத்தரும் எங்களிட்ட இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூடாது என்ற ஆசையும்தான். அந்த ஆசையை நாங்கள் பகிடி பண்ண மாட்டோம். ஆனால் அதுக்காக 20 வருடச் சம்பளத்தை ஈடு வைக்க வேணுமா என்பதுதான் எங்கட கேள்வி.

"தீவில் வீடு சும்மா கிடக்குது, அங்க போய் இருங்கோவன்" என்று சொல்லுறவையும் உண்டு. சொல்லுறது லேசு. 1990, 1991இல் சனம் விட்டு ஓடின வீடுகள் பல இன்னும் கூரையில்லாமல் நிக்குது, வளவெல்லாம் பத்தை. கிணறு இருந்தாலும் தண்ணி உவர். வேலணையில் இருந்து பண்ணைப் பாலத்தால் ரவுணுக்கு வேலைக்குப் போய் வரலாம். நெடுந்தீவில் இருந்து ஒவ்வொரு நாளும் குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்து எட்டு மணிக்குக் கந்தோரில் நிக்க ஏலாது. எல்லாத் தீவும் ஒண்டில்லை.

எண்டாலும் அந்தப் பாழடைந்த வளவில்தான் எங்கட அவசர வேலை இருக்கு. ரவுணில் காணி பார்க்க அலையிற எங்களில் எத்தனை பேர் அப்பம்மாவின் வளவு உறுதியைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? பிரிக்காத முதுசம் ஐந்து சகோதரர்களுக்குப் போய், அவையின்ர பிள்ளைகளுக்குப் போய், இப்போது ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் என்று பங்கு சிதறிக் கிடக்குது. தேசவழமைக்காரருக்கு 1947இல் வந்த சட்டப்படி, பங்கை வெளியாருக்கு விற்க முதல் கூட்டுச் சொந்தக்காரரிடமும் உரித்தாளரிடமும் கேட்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைகள் பொதுவாக இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமைக்கும் முதுசமாக வாறதுக்கும் விலக்கு உண்டு.

ஒருவர் எதிரிடையாகப் பத்து வருடம் தொடர்ந்து ஆண்டால் காணிக்கு உரிமை கோரலாம் என்பது 1871இல் இருந்து இருக்கிற சட்டம். போரால் உரிமை கேட்க முடியாமல் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 2016இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் 2009க்குப் பிறகு வந்த பத்து வருடமும் எப்பவோ முடிஞ்சுது. எல்லைக்கல் எங்கே, எந்தப் பூவரசு யாருடைய வேலி என்று தெரிந்த பெரியம்மாமாருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவை போனால், பங்காளிகள் எல்லாரும் அந்த மண்ணை ஒருக்காலும் மிதிக்காத ஆக்களாய்த்தான் இருப்பினம்.

ஆகவே நாங்கள் சொல்லுறது இதுதான். ரவுணில் தவணை வீட்டு வருமானத்தின் மூன்றில் ஒன்றுக்குள் அடங்கி, பத்து வருடமாவது அங்கேயே இருக்கப்போறீங்கள் எண்டால் வாங்குங்கோ. இல்லையெண்டால் வாடகைக்கு இருங்கோ, அதில் ஒரு வெட்கமும் இல்லை. "இப்ப வாங்காட்டி இனி வாங்க ஏலாது" எண்டு புரோக்கர் சொல்லுறதை நம்பிக் கையெழுத்து வைக்காதேங்கோ. மிச்சம் பிடிக்கிற காசில் ஒரு பங்கை ஊர்க் காணிக்குச் செலவழியுங்கோ. காணிப் பதிவகத்தில் தோம்பு பார்க்கிறது, நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் எடுக்கிறது, வெளிநாட்டில் இருக்கிற பங்காளிகளோடு பேசிப் பங்கு பிரிக்கிறது, முடியாட்டி அற்றோணித் தத்துவமாவது எழுதுவிக்கிறது. இதெல்லாம் ஒரு கோடிக்குப் பக்கத்தில் சின்னக் காசு.

எங்களில் இரண்டு பேர் போன மாதம் இந்த வேலையைத் தொடங்கியிருக்கினம். ஒருவருக்கு உறுதி கிடைத்தது, மற்றவருக்கு ஒரு பழைய ஈட்டுக் கடதாசி மட்டும்தான். ஊரில் உங்களுக்கு என்ன கிடக்குது எண்டு இண்டைக்கு இரவே அம்மாவிட்டக் கேளுங்கோ.