கல்லும் தக்காளியும்

எங்கள் வீட்டில் ஆறு வருஷம் தக்காளி வாங்கவில்லை. விலை ஏறிவிட்டது என்பதால் அல்ல. 2014-ல் இவருக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலி வந்து, படம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகத்தில் கல் என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் தெரு முழுக்கப் பரவி, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதிர் வீட்டு மாமி சொன்னதுதான் எங்கள் அத்தைக்குப் பிடித்துப் போயிற்று. "தக்காளி விதைதாண்டி உள்ளே போய்க் கல்லா ஆகிடுது!" என்றார் மாமி. "இனிமே இந்த வீட்டுக்குள்ள தக்காளி வரப்படாது" என்று அன்றைக்கே அத்தை தடை போட்டுவிட்டார்.

மறுக்க எனக்கும் தைரியம் இல்லை. இவர் துடித்த துடிப்பை நான்தானே பக்கத்தில் இருந்து பார்த்தேன்! ரசம் வெறும் புளியில், சாம்பாரில் ஒரு துண்டு கிடையாது, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியே கதி. பெரியவன் மட்டும் சிநேகிதன் வீட்டில் தக்காளித் தொக்கை ஒரு கை பார்த்துவிட்டு வருவான். சட்டைக் கறை காட்டிக் கொடுத்துவிடும்.

இதில் என் பங்குக்கு நான் செய்த புத்திசாலித்தனம் என்ன தெரியுமா? தக்காளி போன குறையை ஈடு கட்ட வாரம் மூன்று நாள் பாலக் கீரை! கீரை உடம்புக்கு நல்லதாயிற்றே. சுண்ணாம்புச் சத்தும் கல்லாகும் என்று யாரோ சொன்னதால் பால், தயிரையும் குறைத்தேன். இவ்வளவு பத்தியம் இருந்தும் 2020-ல் இரண்டாவது கல் வந்தது.

இந்த முறை வெளியே வந்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கால்சியம் ஆக்சலேட் கல் என்று பதில் வந்தது. டாக்டரம்மா நிதானமாக உட்கார்ந்து, "வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். நான் பெருமையாகத் தக்காளித் தடையைச் சொன்னேன், கீரையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆக்சலேட் என்பது தக்காளியில் 100 கிராமுக்குச் சுமார் 5 மில்லிகிராம்தானாம். பாலக் கீரையிலோ பல நூறு மில்லிகிராம்! திருடனை உள்ளே வைத்துக்கொண்டு, வாசலில் போகிறவனைத் துரத்தியிருக்கிறேன். கீரையால்தான் இரண்டாவது கல் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஒரே காரணத்தால் கல் வருவதில்லை என்றும் அவரே சொன்னார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

விதை விஷயமும் அப்போதுதான் புரிந்தது. நாம் விழுங்கும் தக்காளி விதை செரிக்காமல் குடல் வழியாகவே வெளியே போய்விடும். சிறுநீரகத்துக்கு வருவது ரத்தம் மட்டுமே. ரத்தத்தில் கரைந்திருக்கும் உப்புகள் சிறுநீரில் அளவுக்கு மேல் கெட்டியாகும்போது படிந்து கல்லாகின்றன. விதை போகும் பாதை வேறு, கல் பிறக்கும் இடம் வேறு. பால், தயிரை நான் நிறுத்தியதும் தப்பு. சாப்பாட்டோடு சேர்ந்து போகும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடுமாம். இவருக்குச் சொன்ன யோசனை: தண்ணீர் நிறையக் குடிப்பது, உப்பைக் குறைப்பது, சாப்பாட்டில் தயிர். கீரை வேண்டுமென்றால் வேக வைத்த தண்ணீரை வடித்துவிட்டு எப்போதாவது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கல் வேறு, சிறுநீரகமே பழுதாகிப் போவது வேறு. பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. 100 கிராம் தக்காளியில் சுமார் 240 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், சிறுநீரகம் சரியில்லாத நிலையிலும், "ரத்தம் ஊறும்" என்று காலையில் ஒரு டம்ளர் தக்காளிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கண்டுபிடித்துக் கோபித்துக்கொண்ட பிறகே நிறுத்தினார். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், நான் எழுதுவதைப் பார்த்துத் தக்காளியைக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் டாக்டர் சொன்னதே சட்டம்.

ஆறு வருஷ விரதம் முடிந்த பிறகு தக்காளி மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். அதன் சிவப்புக்குக் காரணம் லைகோபீன் என்ற பொருள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் ஒரு பரிசோதனை செய்தார்கள். தக்காளியை 88 டிகிரி சூட்டில் அரை மணி வைத்ததில் வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது. ஆனால் பிரித்தெடுக்க முடிந்த லைகோபீன் பச்சையாக இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்! சூட்டில் செல் சுவர்கள் உடைவதால் உள்ளே சிக்கியிருந்தது வெளியே வருகிறது. 2004-ல் அமெரிக்காவிலேயே அயோவாவில் இன்னொரு சோதனை. தக்காளி, காரட், கீரை கலந்த பச்சைக் காய்கறியை எண்ணெயே இல்லாமல் சாப்பிட்டவர்களுடைய ரத்தத்தில் இந்த வண்ணச் சத்துகள் அநேகமாக ஏறவே இல்லை. எண்ணெய் சேர்த்துச் சாப்பிட்டபோது ஏறியது.

அப்படியானால் எண்ணெயில் சுருள வதக்கும் நம் தொக்குக்கு யார் சான்றிதழ் தர வேண்டும்? எண்ணெய் மிதக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, ஒரு ஸ்பூன் போதும். வைட்டமின் சி-க்காகப் பச்சையாகவும் கொஞ்சம் சாப்பிட வேண்டும். கேழ்வரகு, பருப்பு இவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள அது கைகொடுக்கும். கேழ்வரகு அடைக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சைத் தக்காளிப் பச்சடி வைத்துப் பாருங்கள். ரத்தம் குறைவாக இருக்கும் பெண்களுக்கு நல்லது. மாத்திரைக்குப் பதில் அல்ல, மாத்திரையோடு.

அடுத்தது ஃபிரிஜ். ஒட்டன்சத்திரத்திலிருந்து வண்டி வந்து விலை விழுந்த நாளில், ஐந்து கிலோ வாங்கி அப்படியே ஃபிரிஜ்ஜில் அடுக்கினேன். ஒரு வாரம் கழித்து ரசம் வைத்தால் வாசனையே இல்லை. "தக்காளி போட்டியா, மறந்துட்டியா?" என்றார் அத்தை. 2016-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். 5 டிகிரியில் ஏழு நாள் வைத்த தக்காளியில் சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருந்தன. வாசனை தரும் பொருள்கள் மட்டும் வெகுவாகக் குறைந்துவிட்டன. குளிரில் அவற்றை உண்டாக்கும் ஜீன்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்பவில்லை. ஆகவே இப்போது மூங்கில் தட்டில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, வெயில் படாமல் பரப்பி வைக்கிறேன். செங்காயைச் சீக்கிரம் பழுக்க வைக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு வாழைப்பழம். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுக்க வைத்துவிடும். நன்றாகப் பழுத்து, நாளைக்கு அழுகிவிடும் என்று இருப்பதை மட்டும் ஃபிரிஜ்ஜில் வைப்பேன். குப்பையில் போவதற்கு வாசனை போவது மேல்.

கடையில் வாங்கும்போது ஒரே மாதிரி செக்கச் செவேலென்று இருப்பதைத்தானே நாம் பொறுக்குகிறோம்? நானும் அப்படித்தான். காம்பைச் சுற்றிப் பச்சையாக இருந்தால் ஒதுக்கிவிடுவேன். அந்தப் பச்சைத் தோளுக்குக் காரணமான ஜீனை 2012-ல் கலிபோர்னியாவில், டேவிஸில், ஆன் பவல் என்ற பெண் விஞ்ஞானியும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். காயாக இருக்கும்போதே பச்சையம் நிறைந்து, பழமும் தன் பங்குக்கு வெயிலில் சர்க்கரை தயாரித்துக்கொள்ள அந்த ஜீன் உதவுகிறது. பார்வைக்கு ஒரே நிறமாக இருக்கட்டும் என்று பல பத்து வருஷங்களாக ரகங்களைப் பொறுக்கியதில் அது கெட்டுப் போய், இனிப்பும் குறைந்துவிட்டது. நம் பெரியகுளத்தில் உண்டாக்கிய பி.கே.எம். 1 ரகத்துக்குப் பச்சைத் தோள் உண்டு. நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ஏன் தனி ருசி என்று அத்தை சும்மா சொல்லவில்லை.

மாடியில் நாலு தொட்டியில் செடியும் வைத்திருக்கிறேன். முதல் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் பூவெல்லாம் கொட்டிப் போயிற்று. கண் பட்டுவிட்டது என்று அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார். பகலில் 35 டிகிரிக்கு மேல் காய்ந்து, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுவிடும், பிஞ்சு பிடிக்காது. பிடித்த நாலு பழமும் மஞ்சளாகவே நின்றுவிட்டன. 30 டிகிரிக்கு மேல் லைகோபீன் சரியாக உண்டாகாது என்பதுதான் காரணம். நிழல் வலை கட்டிய பிறகு கொஞ்சம் தேவலை.

காயின் அடியில் கறுப்பாக அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மண்ணில் கால்சியம் இருந்தாலும் தண்ணீரில் கரைந்துதான் அது ஏற வேண்டும். ஒரு நாள் காயப் போட்டு, மறுநாள் வாளி வாளியாக ஊற்றினால் ஏறாது. முட்டை ஓட்டைப் போட்டுப் போட்டு நான் அலுத்தேன். அது மக்க எத்தனையோ மாதமாகும். தினமும் ஒரே அளவாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்ததும் கறுப்பு குறைந்தது.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தம் உதிர ஒரு குலுக்கல் வேண்டும், காற்றோ வண்டோ அதைச் செய்யும். எங்கள் மாடியில் மூன்று பக்கமும் சுவர். அதனால் காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிட வேண்டும். அந்த வேலையை இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், ஒரு கையில் தண்ணீர்ச் சொம்போடு. நேற்று எண்ணியதில் பதினொரு பிஞ்சு. அத்தை பன்னிரண்டு என்கிறார்.