இயந்திர இசைக்கும் இதயமுண்டு



செர்டாங் வட்டாரத் தோட்டங்களில் இரவு பத்து மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். ஆனால் என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தினமும் வகுப்பில் தூங்கி வழிவான். கண்டித்தேன்.

"ராத்திரி கைப்பேசியில் பாட்டுக் கேட்டேன், சார்."

வாங்கிக் கேட்டேன். பாடல் வரிகளே இல்லை. மின்னிசைக் கருவியின் நீண்ட, சோகமான ஒலி. "இதுவும் ஓர் இசையா?" என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசையமைத்தாரே, அதைக் கேட்டு நாம் உருகவில்லையா? 1992இல் 'ரோஜா' தந்த ஏ.ஆர்.ரஹ்மானும் இரவெல்லாம் விழித்திருந்து மின்னிசையை வளர்த்தவர்தாமே? கருவி எதுவானால் என்ன, உருகுவது மனந்தானே!

"ஏனப்பா இரவில் கேட்கிறாய்?"

"அம்மாவுக்குக் கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலை, சார். வீடு வெறிச்சென்று இருக்கும். இதைக் கேட்டால் யாரோ கூட இருப்பது மாதிரி இருக்கும்."

தாயாரிடம் சொன்னேன். இப்போது ஓய்வு நேரத்தில் அவர் மகனை அழைத்துப் பேசுகிறார். பையனும் நேரத்தோடு உறங்குகிறான்.

பெற்றோர்களே, பிள்ளையின் கைப்பேசியைப் பறிக்குமுன் ஒரு நாள் பக்கத்தில் அமர்ந்து அந்தப் பாட்டை நீங்களும் கேளுங்கள். அவன் வாய்விட்டுச் சொல்லாதது அதில் இருக்கலாம்.