கடலையை விற்றுப் பாமாயில் வாங்கலாமா?

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரங்களின் செம்மண் நிலங்களில் நிலக்கடலை விளைகிறது. பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்தி, மக்காச்சோளத்துடன் கடலை பயிரிடுவோர் உண்டு. ஆனால் காய் முழுவதையும் களத்திலேயே விற்றுவிட்டு, சமையலுக்குப் பாமாயில் வாங்கும் வழக்கம் பல விவசாயிகள் வீட்டில் வந்துவிட்டது. 2007 முதல் ரேஷன் கடைகளில் பாமாயில் மலிவாகக் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணம். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

பாமாயிலில் சுமார் 40 சதம் பால்மிடிக் அமிலம் என்னும் நிறைவுற்ற கொழுப்பு அமிலம் உள்ளது. கடலை எண்ணெயில் இது சுமார் 10 சதமே. பால்மிடிக் அமிலம் நஞ்சன்று. தாய்ப்பாலிலும் பசும்பாலிலும் இது இருக்கிறது. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் காக்கும் பூச்சிலும் இதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் உடலுக்கு வேண்டியதை உடலே தயாரித்துக் கொள்கிறது. சோறு மிகுந்தால் அந்த மாவுச்சத்திலிருந்தும் ஈரல் இதை உண்டாக்கும். எனவே எண்ணெய் வழியாக மேலும் சேர்க்க வேண்டியதில்லை. அளவு மீறினால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு உயர்ந்து, இதய நோய்க்கு வழி வகுக்கும்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் எண்ணெய் என்றால், 4 பேர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்குச் சுமார் 30 கிலோ தேவை. செக்கில் 40 சதம் எண்ணெய் கிடைத்தால் 75 கிலோ பருப்பு, அதாவது சுமார் 110 கிலோ காய் போதும். பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும். "ரேஷன் எண்ணெய் மலிவாயிற்றே" என்பீர்கள். உண்மைதான். முழுவதும் இயலாவிட்டால் பாதித் தேவைக்காவது காயை நிறுத்தி வையுங்கள். பாமாயில் வாங்கினாலும் அளவோடு பயன்படுத்துங்கள். எந்த எண்ணெயானாலும், ஒருமுறை பலகாரம் சுட்டதை மீண்டும் மீண்டும் காய்ச்ச வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பூஞ்சணம் பிடித்த கடலையில் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகி ஈரலைக் கெடுக்கும். செக்கு எண்ணெயிலும் அது கலக்கும். பிண்ணாக்கு வழியாகப் பாலுக்கும் வரும். ஆகவே காயை நன்கு உலர்த்தி, பருப்பின் ஈரப்பதத்தை 8 சதத்திற்குக் குறைத்துச் சேமியுங்கள். சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி நீக்கிய பிறகே செக்குக்கு அனுப்புங்கள்.

அரசும் உள்ளூர்க் கடலையைக் கொள்முதல் செய்து, ரேஷனில் கடலை எண்ணெய் வழங்க முன்வர வேண்டும். விளைவித்தவனுக்கு விலையும், உண்பவனுக்கு நலமும் ஒருங்கே கிடைக்கும்.