ஐம்பதிலும் விரல் வளையும்

“இந்த வயதில் பியானோவா?” நாற்பதைக் கடந்த ஒருவர் பியானோ வகுப்பில் சேர்ந்தால் வீட்டிலும் அலுவலகத்திலும் முதலில் விழும் கேள்வி இதுதான். கேட்பவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று அவரே முடித்துவிடுவார். ஆறேழு வயதில் தொடங்காத இசை வராது, அதற்குமேல் செலவழிப்பது வீண் என்ற நம்பிக்கை நம்மிடையே அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. இது பொய். ஆசையோடு வந்து உட்காரும் பெரியவர்களைச் சில மாதங்களிலேயே எழுந்துபோக வைக்கும் பொய்.

இதில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். எந்த ஆதார சுருதியும் இல்லாமல், காதில் விழுந்த ஒற்றை ஒலியை இன்ன சுரம் என்று சொல்லும் திறன் பெரும்பாலும் சிறுவயதில் இசை பயின்றவர்களுக்கே வாய்க்கிறது. கச்சேரி மேடையையே தொழிலாகக் கொள்ளப்போகிறவருக்கும் சிறுவயதுப் பயிற்சி பெரும் பலம். ஆனால் வேலை முடிந்து வந்து, தனக்குப் பிடித்த நான்கு பாடல்களை இரண்டு கையாலும் வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த இரண்டும் தேவையே இல்லை.

வளர்ந்தவர் மூளை இறுகிவிடும் என்ற வாதத்துக்கு லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களே பதில். உரிமம் பெற, சாரிங் கிராஸைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய மூளையைப் படமெடுத்துப் பார்த்து, கேத்தரின் வூலெட்டும் எலினார் மக்வயரும் 2011இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்றவர்களுக்கு, இட நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெருத்திருந்தது. அவர்களில் ஒருவரும் குழந்தை இல்லை.

பிறகு ஏன் பெரியவர்கள் பாதியில் விடுகிறார்கள்? தொடக்கநிலை மாணவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஜி மேஜர் மினுயெட்டைப் பாருங்கள். இசையமைப்பாளர் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருப்பது; இயற்றியவர் கிறிஸ்டியான் பெட்சோல்டு. வலக்கை ஓட வேண்டும். இடக்கை கட்டையை அழுத்தியபடி காத்திருக்க வேண்டும். தனித்தனியாக வாசித்தால் இரண்டும் வந்துவிடும். சேர்த்த உடனே வலக்கையின் அவசரம் இடக்கையையும் தொற்றிக்கொள்ளும். பிடித்திருக்க வேண்டிய விரல் தானாக எழுந்துவிடும். மோதிர விரலோ பக்கத்து விரலைத் துணைக்கு இழுக்காமல் எழ மறுக்கும். புறங்கையில் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் எல்லாருடைய கையும் அப்படித்தான். எட்டு வயதுப் பிள்ளையும் இதே இடத்தில் இப்படியே தடுமாறுகிறது. பிள்ளை தடுமாறினால் பயிற்சி போதவில்லை என்கிறோம். பெரியவர் தடுமாறினால் வயதாகிவிட்டது என்கிறோம். தடுமாற்றம் ஒன்று, தீர்ப்பு இரண்டு. இந்த அநியாயத்தைத்தான் கண்டிக்கிறேன்.

பெரியவருக்கு உள்ள உண்மையான சிக்கல் அவருடைய காது. முப்பது வருஷம் இளையராஜாவைக் கேட்டு வளர்ந்த காது அது. தன் விரலிலிருந்து வரும் ஒவ்வொரு பிசிறும் அதற்குத் துல்லியமாகக் கேட்கும். கை இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அந்த இடைவெளிதான் மனதை ஒடிக்கிறது. குழந்தைக்கு இந்தத் துன்பம் கிடையாது; கட்டையை அழுத்திச் சத்தம் வந்தாலே அதற்குக் கொண்டாட்டம். போதாததற்கு, வகுப்புக்கு அழைத்துப்போக ஓர் அம்மா, ‘இன்றைக்கு வாசித்தாயா’ என்று கேட்க ஓர் அப்பா, தப்பாக வாசித்தாலும் கைதட்ட ஒரு வீடு. பிள்ளைகளின் வேகம் என்று நாம் வியப்பதில் பெரும்பங்கு இந்த ஏற்பாடுதான்.

இந்த ஏற்பாட்டைப் பெரியவரும் செய்துகொள்ள முடியும். ‘தி கார்டியன்’ ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிஜர், ஐம்பதுகளின் நடுவில், ஷோபினின் முதல் பல்லாடைக் கற்க முடிவெடுத்தார். சிறுவயதில் வாசித்துப் பழகியவர் என்றாலும், தேர்ந்த கலைஞர்களே தயங்கும் படைப்பு அது. விக்கிலீக்ஸ் செய்திகள் அலுவலகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த காலத்தில், நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்க முயன்று, ஓராண்டுக்கு மேல் உழைத்து வாசித்தும் காட்டினார். அமெரிக்க வானொலியாளர் நோவா ஆடம்ஸ் ஐம்பதைக் கடந்து பியானோ வாங்கியவர். மனைவிக்கு ஷூமானின் ‘டிராய்மெராய்’ வாசித்துக்காட்ட வேண்டும் என்பதே அவருடைய குறி. இருவரையும் ஓடவைத்தது தாங்களே தேர்ந்த ஒரு படைப்பு.

நம் ஊர் வகுப்புகள் பல இதை மறந்துவிடுகின்றன. நாற்பத்தைந்து வயதுக்காரரையும் பிள்ளைகளின் புத்தகத்தில் தொடங்கி, டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் போன்ற தேர்வு அமைப்புகள் நடத்தும் எட்டு கிரேடுகளின் வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். தேர்வு விரும்புகிறவர் எழுதட்டும். ஆனால் சான்றிதழ் யாருக்கும் காட்டத் தேவையில்லாத ஒருவரை, பல மாதம் அதே மூன்று தேர்வுப் பாடங்களில் கட்டிப்போட்டால் சோர்வு வராமல் என்ன செய்யும்? சோர்ந்து அவர் நின்றதும் ‘பெரியவர்களுக்கு ஆர்வம் நிலைக்காது’ என்று சொல்வது ஆசிரியர் தன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

பயிற்சி முறையும் மாற வேண்டும். பெரும்பாலானவர்கள் தினமும் முதல் வரியிலிருந்து தொடங்கி, வழக்கமாகத் தடுக்கும் இடத்தில் தடுக்கி, மறுபடி முதல் வரிக்கே போகிறார்கள். நன்றாக வரும் வரிக்கே பயிற்சி கிடைக்கிறது; தடுக்கும் இடம் அப்படியே கிடக்கிறது. பொழுதுபோக்காகப் பியானோ வாசிப்பவர்களுக்கென்றே சார்லஸ் குக் 1941இல் ஒரு புத்தகம் எழுதினார். கடினமான இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைத் தனியே எடுத்துப் பயிலச் சொன்னார். இரண்டு பார்களை (தாளக் கட்டங்களை) மெதுவாக, கை மறக்காத அளவுக்கு வாசித்தால் இருபது நிமிடத்தில் ஒரு மாற்றம் காதுக்கே தெரியும். மறுநாள் உட்காரவைப்பது அந்த மாற்றம்தான். உற்சாகம் வந்தபின் உட்காரலாம் என்றிருந்தால் அது வரவே வராது. உட்கார்ந்தவருக்கே அது வரும்.

கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான்காவது மாதத்தில் வரும் சோர்வுக்கும் உங்கள் வயதுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் காது முன்னே போயிருக்கிறது, கை பின்னால் வந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள், வகுப்பை நிறுத்தாதீர்கள்.